மெசினைக் கேட்டால் பெட்டியோடு கொடுங்கள்



தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்துவிட்டால் நம் லயங்களில் இரண்டு சத்தம் கேட்கத் தொடங்கும். ஒன்று பிள்ளைகளின் பட்டாசு. மற்றது டிரில் மெசின். பத்து வருசத்துக்கு முன்பு இந்த இரண்டாவது சத்தம் நமக்குப் பழக்கமில்லாதது. சுவரில் ஒரு கொக்கி மாட்ட வேண்டுமானால் கம்பியை வைத்துச் சுத்தியலால் அரை நாள் தட்டுவோம். இல்லாவிட்டால் டவுனிலிருந்து மேசன் பாஸைக் கூப்பிடுவோம். இப்போது கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போன பையன்கள் பண்டிகைக்கு வரும்போது மெசினையும் கையோடு கொண்டுவருகிறார்கள். சாமி படத்துக்கு ஒரு தட்டு, டீவிக்கு ஒரு தாங்கி, டிஷ் அன்டெனாவுக்கு நாலு போல்ட், மழை அடிக்காமல் வாசலில் இறக்க ஒரு தகரம் என்று அந்த ஒரே மெசின் லயம் லயமாகக் கைமாறுகிறது.

போன மாதம் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘பண்டிகைக்கு என் வீடு’ என்று படம் வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை, அப்பா மேசை மேல் ஏறி நின்று சுவரில் டிரில் பிடிப்பதை வரைந்திருந்தது. மெசினும் வயரும் அச்சாக அப்படியே இருந்தன. கீழே ஒரு சின்ன உருவம் இரண்டு கையாலும் எதையோ ஏந்திக்கொண்டு அண்ணாந்து நிற்கிறது. “இது யாரு?” என்று கேட்டேன். “நான்தான் டீச்சர். தூசி கீழ விழாம தட்டு புடிக்கிறேன். அம்மா தரையெல்லாம் கழுவி வச்சிருந்தாங்கல்ல” என்றது. படத்துக்கு நல்ல புள்ளி போட்டேன். ஆனால் அந்த அண்ணாந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. இந்த இதழில் சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும்.

டிரில் பிடிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. லயத்தைத் திருத்தித் தரச்சொல்லி மனு கொடுத்து, வெல்பெயார் ஆபிசரைப் பார்த்து, துரையைப் பார்த்து, கடைசியில் நம் காசில் நாமே தகரம் வாங்கிப் போட்ட குடும்பம் இல்லாத தோட்டம் உண்டா? நம் வீட்டை நாமே திருத்தத் தெரிந்துகொண்டது நல்ல காரியம். என் கவலை வேறு. கவ்வாத்துக்குப் போகிற பையனை முதல் நாளே கத்தியைக் கொடுத்துத் தனியாக மலைக்கு அனுப்பமாட்டோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, கத்தியை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்று பல நாள் காட்டிக்கொடுப்பார். அதைவிட வேகமான மெசினை மட்டும் மண்வெட்டி இரவல் வாங்குவது போல வாங்கி, அன்றைக்கே ஏணியில் ஏறிவிடுகிறோம்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது இது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது வயது 22. கொழும்பில் ஒரு கட்டடத்தில் ஹெல்பராக இருந்தான். ஊருக்கு வந்தவனிடம் பக்கத்துக் காம்பரா பெரியம்மா, “தம்பி, அந்த டிஷ்ஷ மட்டும் கொஞ்சம் மாட்டிக் குடுத்துட்டு போப்பா” என்று கேட்டிருக்கிறார். கேட்டால் மறுக்கிற பிள்ளை இல்லை அவன். மெசின் அவனுடையதும் இல்லை. மூன்று வீடு சுற்றி வந்தது. பக்கத்தில் பிடிக்கிற இரண்டாவது பிடி வழியில் எந்த வீட்டிலோ தங்கிவிட்டது. பெரல் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, இடது கையால் அன்டெனாத் தட்டைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, வலது கையால் மெசினைப் பிடித்திருக்கிறான். விரல் வலிக்காமல் இருக்க, சுவிட்ச் பக்கத்தில் இருக்கிற பூட்டுப் பொத்தானையும் அமுக்கிவிட்டான். முதல் மூன்று ஓட்டையும் சுகமாக இறங்கிவிட்டன. நாலாவதில் பிட் கல் இடுக்கில் இறுகியது. மெசின் அவன் கையை முறுக்கிக்கொண்டு சுற்றியது. பெரலோடு சேர்ந்து கானுக்குள் விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை கையில் கட்டு. கட்டு அவிழ்த்துக்கொண்டு கொழும்புக்குப் போனபோது அவன் இடத்தில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

இவன் ஒன்றும் தெரியாதவன் இல்லை. சைட்டில் தினமும் இந்த மெசினைப் பார்த்தவன், பிடித்தவன். அப்படிப்பட்டவனுக்கு ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சாதாரண டிரில் சுற்றும், அவ்வளவுதான். நாம் சுவருக்குப் பிடிப்பது தட்டிக்கொண்டே சுற்றுகிற மெசின். அதன் தலையில் ஒரு சின்னத் திருப்பி இருக்கும். ஒரு பக்கம் சுத்தியல் படம், மறு பக்கம் பிட் படம். சுத்தியல் பக்கம் போட்டால், உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஏறி விழும். அதனால் பிட் சுற்றும்போதே முன்னும் பின்னும் இடிக்கும். சந்தையில் நாம் வாங்குகிற 650 வாட்ஸ் மெசின் நிமிசத்துக்கு 2,800 சுற்று அளவில் சுற்றும். அந்த ஒரு நிமிசத்தில் 40,000 தடவைக்கு மேல் தட்டும். இது சீமெந்துக் கல்லுக்கும் செங்கல்லுக்கும் செய்த மெசின். நம் பழைய லயச் சுவர் அப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல்லை அடுக்கி, இடையில் மண்ணோ சுண்ணாம்போ அப்பி, மேலே பூசிவிட்ட சுவர். மேலே பூசிய சீமெந்தைப் பார்த்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. பிட் மண்ணில் சரசரவென்று இறங்கும். அடுத்த நொடி கல் விளிம்பில் முட்டி இறுகும். பிட் நின்றாலும் மோட்டார் நிற்காது. பிட்டுக்குச் சுற்ற முடியாததால் மெசின் உடம்பு சுற்றும். அதைப் பிடித்திருக்கிற மணிக்கட்டும் அதோடு சுற்றும். பூட்டுப் பொத்தான் அமுங்கியிருந்தால் விரலை எடுத்தாலும் சுழற்சி நிற்காது.

அதனால்தான் பக்கப் பிடி. அது அழகுக்கு வைத்த துண்டு இல்லை. இரண்டு கையாலும் பிடித்தால்தான் அந்த முறுக்கைத் தாங்கலாம். அந்தப் பிடி இல்லாத மெசினை யார் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டுப் பொத்தான் பக்கமே போக வேண்டாம். நெஞ்சாலும் வயிற்றாலும் முட்டுக்கொடுத்து அழுத்த வேண்டாம். அழுத்தினால் சீக்கிரம் இறங்கும் என்பது தவறான எண்ணம், பிட்தான் சூடாகும். மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் இறங்கியதும் பின்னுக்கு இழுத்துத் தூளை வெளியே விட்டு, மறுபடி கொடுங்கள். சத்தம் மாறினாலோ கைக்கு இடிக்கிற மாதிரி இருந்தாலோ விரலை எடுங்கள். இறுகிய பிட்டை மெசினின் பலத்தால் பிடுங்கப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கையால் பின்பக்கம் திருகி எடுக்கலாம். கல் விடாவிட்டால் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். சாமி படம் கொஞ்சம் தள்ளி இருந்தால் சாமி கோவிக்காது.

மரத்துக்கும் தகரத்துக்கும் சுத்தியல் பக்கம் வேண்டாம், திருப்பியை மாற்றுங்கள். பிட்டும் வேறு. சுவர் பிட்டின் நுனியில் அகலமான சின்ன உலோகத் துண்டு ஒட்டியிருக்கும். அதை வைத்துத் தகரத்தைக் குடைந்தால் தகரம் கிழிந்து சுழன்று கையை வெட்டும். தகரத்தை ஒருபோதும் கையில் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள். பலகையில் வைத்து இறுக்கிக்கொண்டு போடுங்கள்.

என் அப்பா தேயிலை ஸ்டோரில் பிட்டருக்கு உதவியாளாக இருந்தவர். ஓய்வு பெற்றபோது பத்து விரலும் இருந்ததையே பெரிய பெருமையாகச் சொல்வார். பிட்டை இறுக்குகிற சாவியை அவர் ஒரு துண்டுக் கயிற்றால் வயரில் கட்டி வைப்பார். கட்டுகிற இடம் மெசின் பக்கம் இல்லை, பிளக் பக்கம். கயிறும் குட்டையாகத்தான் இருக்கும். சாவி மெசினுக்கு எட்ட வேண்டுமானால் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தே ஆக வேண்டும். பிட் மாற்றும்போது கரண்ட் இருக்க வழியே இல்லை. சாவியை மெசினிலேயே மறந்து விட்டுவிட்டு சுவிட்சை அமுக்கி, அது பறந்து நெற்றியில் அடிக்கிற வேலையும் இல்லை. சின்ன வயதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டு மெசினிலும் அப்படித்தான் கட்டியிருக்கிறது.

அப்பாவுக்குப் பிடிக்காத இன்னொன்று தோளில் துண்டு. மெசினைத் தொடுகிறபோது துண்டு, தொங்குகிற சாரம், அவிழ்ந்த பின்னல், சால், கைச்சங்கிலி எதுவும் கூடாது. தாய்மார்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். தொளதொளத்த துணிக் கையுறை சுற்றுகிற பிட்டில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். அதைவிட வெறும் கை மேல்.

இனி சுவரின் மறுபக்கம். லயத்தில் இருக்கிற நமக்கென்று தனியாக உள்ள ஆபத்து இது. எந்த மெசின் புத்தகத்திலும் இதை எழுதியிருக்கமாட்டார்கள்.

இரண்டு வருசத்துக்கு முன்பு என் தம்பி, புத்தகங்களை அடுக்க எனக்கு ஒரு பலகை அடித்துத் தருகிறேன் என்று நடுச்சுவரில் ஓட்டை போட்டான். எங்கள் பக்கம் வயர் இல்லையென்று நன்றாகப் பார்த்துக்கொண்டோம். வெளிச்சுவர் கல்லானாலும் காம்பராக்களுக்கு இடையிலே பிற்பாடு கட்டிய சுவர் ஒற்றைச் செங்கல். பிட் நீளம் ஆறு அங்குலம். மூன்றாவது ஓட்டையில் திடீரென்று தடையில்லாமல் உள்ளே போனது. அந்தப் பக்கம் ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தோம். பிட் வெளியே வந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே பிள்ளைத் தொட்டில். ஒரு விரல் பக்கத்தில் அவர்களுடைய பிளக்குக்குப் போகிற வயர். பிள்ளை மேல் செங்கல் தூள் மட்டும்தான் கொட்டியிருந்தது. அந்த வீட்டு அக்கா எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

நம் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் அடுத்த காம்பராவின் வயரில் கரண்ட் இருக்கும். அவர்களுக்குத் தனி மீட்டர். ஆகவே நடுச்சுவரில் கை வைப்பதற்கு முன் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போங்கள். எந்த உயரத்தில், எந்த இடத்தில் என்று காட்டுங்கள். அங்கே வயர் ஓடுகிறதா, தொட்டில் இருக்கிறதா, யாராவது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மெயினைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குலம்தான் ஆழம் வேண்டுமென்றால் பிட்டில் இரண்டு அங்குலத்தில் ஒரு டேப் சுற்றிவிடுங்கள். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்துங்கள். என் தம்பி அதைச் செய்திருந்தால் போதும்.

லயத்தை விட்டுப் புது வீடுகளுக்குப் போனவர்களுக்கு வேறு பிரச்சினை. அங்கே வயர் வெளியே தெரியாது. குழாய்க்குள் வைத்துச் சுவருக்குள் பூசியிருப்பார்கள். சுவிட்சிலிருந்தும் பிளக்கிலிருந்தும் பெரும்பாலும் நேர் மேலேயோ நேர் கீழேயோ, சில இடங்களில் பக்கவாட்டிலோ போகும். அந்தக் கோடுகளில் எங்கும் துளை போடாதீர்கள். புது வீடு கட்டுகிற தோழர்களே, பூசுவதற்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருசம் கழித்து உதவும்.

அடுத்தது கரண்ட். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நம் மலைப்பக்கம் பின்னேரமானால் இடியும் மழையும்தான். நாம் வேலை முடிந்து வந்து மெசினைத் தூக்குவதும் அந்த நேரத்தில்தான். கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்த உடுப்போடு, ஈரச் சீமெந்துத் தரையில், வெறுங்காலோடு. சில மெசின்களில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். இரண்டு அடுக்குக் காப்பு உள்ள மெசின் என்று அதற்குப் பொருள். அதனால் எர்த் வேண்டாம் என்பது சரி. ஆனால் காற்றுப் போகிற துவாரத்தில் மழைத் தண்ணீர் இறங்கினால் அந்தக் காப்பு ஒன்றும் செய்யாது. வயர் உரிந்திருந்தாலும் அப்படித்தான். காய்ந்த கை, காய்ந்த தரை, ரப்பர் செருப்பு இல்லாமல் பிளக் போட வேண்டாம். இடி இடித்தால் கழற்றி வைத்துவிட்டு டீ குடியுங்கள்.

பிளக் முனை பொருந்தவில்லை என்று வயரைச் சீவி, தீக்குச்சி வைத்துச் சொருகுகிற பழக்கத்தை நம் பள்ளிப் பிள்ளைகள்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. ஒரு பிளக்கின் விலை எவ்வளவு? எக்ஸ்டென்சன் வயரில் ஜொயின்ட் போட்டு அதைப் பொலித்தீன் பையால் கட்டி, வாசலில் ஈரத்தில் இழுத்துக்கொண்டு போவதையும் நிறுத்த வேண்டும். சுருளில் சுற்றிய எக்ஸ்டென்சனாக இருந்தால் முழுவதையும் இழுத்து விரித்துவிட்டுத்தான் மெசினைக் கொடுங்கள். சுற்றியபடியே விட்டால் உள்ளே சூடு ஏறி உருகும்.

எல்லாவற்றுக்கும் மேலே ட்ரிப் சுவிட்ச். “எங்க வீட்ல பியூஸ் இருக்கு டீச்சர்” என்று சொல்கிறார்கள். பியூஸ் வயருக்குக் காவல். பல அம்பியர் போனால்தான் அது எரியும். மனிதனைக் கொல்ல ஒரு அம்பியரில் சின்னப் பங்கு போதும். ட்ரிப் சுவிட்ச் போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் உடம்பு வழியாகத் தரைக்குக் கொஞ்சம் ஒழுகினாலும் கண் இமைக்கிற நேரத்துக்குள் விழுந்துவிடும். அதன் முகத்தில் 30 மில்லிஅம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். ‘ரி’ என்ற எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அது பழுது.

மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று சில வீடுகளில் ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு வயரை நேராகக் கொடுத்திருக்கிறார்கள். அது விழுவது எங்கோ கரண்ட் ஒழுகுவதால். அதை விழாமல் செய்தால் ஒழுக்கு நிற்காது. அடுத்து அதைக் கண்டுபிடிக்கப் போவது நம் வீட்டில் யாரோ ஒருவரின் கைதான்.

இங்கே நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. லயம் தோட்டத்தின் சொத்து, சுவரில் கை வைக்க அனுமதி வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நல்லது. உங்கள் சொத்தில் ஓடுகிற வயர் எத்தனை வருசத்துக்கு முந்தியது, கடைசியாக அதை யார் பரிசோதித்தார் என்பதையும் சொல்லுங்கள். அனுமதி கேட்டு மாதக்கணக்கில் பதில் வராததால்தான் தொழிலாளி இரவில் டோர்ச் வெளிச்சத்தில் அவசரமாக ஓட்டை போடுகிறான். அவ்வளவு சத்தம் போடுகிற மெசினை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக வேலை செய்ய நம்மாட்களால்தான் முடியும். பகலில், ஞாயிற்றுக்கிழமையில், நிதானமாகச் செய்ய விடுங்கள்.

கண்ணையும் மூச்சையும் பற்றி: மேல்நோக்கிப் பிடிக்கிற மெசினின் தூள் முழுவதும் முகத்தில்தான் விழும். கண்ணாடி இல்லாமல் பிடிக்கவே கூடாது. கல்லிலும் சீமெந்திலும் இருக்கிற சிலிக்காத் தூசி நெஞ்சில் படிந்தால் திரும்பி வராது. வருசக்கணக்கில் சைட்டில் வேலை செய்கிற நம் பையன்களுக்கு இது பெரிய விசயம். கூரைச் சீட் அஸ்பெஸ்டஸ் என்றால் அதில் டிரில் மெசினை வைக்காதீர்கள். அந்த நார்த் தூள் நுரையீரலில் தங்கினால் நோய் இருபது முப்பது வருசம் கழித்துத்தான் தலைகாட்டும். துளை போட்டே ஆக வேண்டுமானால் சீட்டைத் தண்ணீரால் நனைத்து, கையால் திருகுகிற துளைப்பானால் மெதுவாகப் போட வேண்டும். தூளை உலர்ந்த விளக்குமாறால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பிள்ளைகளைத் தட்டோடு கீழே நிறுத்தாதீர்கள். தட்டு வேண்டுமானால் ஒரு கடதாசியை மடித்துச் சுவரில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். பிள்ளை வெளியே விளையாடட்டும்.

யாருக்காவது கரண்ட் அடித்துவிட்டால் ஓடிப்போய் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையின் மேல் நின்று காய்ந்த கம்பால் வயரைத் தள்ளுங்கள். ஒருவர் 1990க்கு எடுக்கட்டும். மூச்சு இல்லையென்றால் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் பலமாகவும் வேகமாகவும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நம் தோட்டத்து ரோட்டில் அம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

சைட்டுகளில் வேலை செய்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இதையும் சொல்ல வேண்டும். ஸ்டோரில் ஆனாலும் கொழும்புக் கட்டடத்தில் ஆனாலும், வேலையின்போது வேலை காரணமாகக் காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கடிதம் தந்து சேர்க்கவில்லை, வாய்ப்பேச்சில்தான் வேலை என்றாலும் உரிமை போய்விடாது. ஆனால் நிரூபிக்க வேண்டுமே. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்கும்போது “வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லச்சொல்லி சில மேற்பார்வையாளர்கள் காதில் ஓதுவார்கள். சொல்லாதீர்கள். எந்த இடத்தில், எந்த வேலையில், எந்த மெசினால் என்று உள்ளதைச் சொல்லி எழுத வையுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயர், கொன்ட்ராக்ட்காரரின் பெயர், பெரிய கம்பனியின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தாமதிக்காமல் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். கொடுத்த கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் வைத்துக்கொண்டு வேலை செய்தால், அவன்தான் கவனக்குறைவு என்று வாதாட முதலாளிக்கு நாமே வாய்ப்புக் கொடுத்ததாகும். கண்ணாடி கொடுக்கவே இல்லையென்றால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

ஆனால் லயத்தில் பக்கத்து வீட்டுக்கு உதவப் போய் விழுந்தவனுக்கு நட்டஈடு கேட்க எந்த முதலாளியும் இல்லை. என் பழைய மாணவன் அதைத்தான் அனுபவித்தான். அவனுடைய அம்மா அந்த ஆறு கிழமையும் ஒரு நாள்கூட பேர் தவறாமல் மலைக்குப் போனார். பின்னேரம் வந்து அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டார். கொழுந்து எடுப்பதற்கும் கவ்வாத்துக்கும் இரண்டு கையும் முழுசாக வேண்டும். ஒரு மணிக்கட்டு போனால் நமக்கு அரைப் பேர்கூட இல்லை.

அதனால் எங்கள் தோட்டக் கமிட்டியில் ஒரு காரியம் செய்திருக்கிறோம். எங்கள் லயத்தில் 20 காம்பராக்காரர்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு பெட்டி செய்தோம். ஆளுக்கு ஒரு பேர் சம்பளத்துக்கு மேல் போகவில்லை. பெட்டிக்குள் மெசின், பக்கப் பிடி, சுவருக்கும் மரத்துக்கும் இரும்புக்கும் தனித்தனி பிட், இரண்டு கண்ணாடி, முகமூடிகள், காதுக்குப் பஞ்சடைப்பான், ரோல் பிளக் ஒரு பொட்டலம். டவுன் எலக்ட்ரீசியன் ஒருவர் ட்ரிப் சுவிட்ச் வைத்துச் செய்து தந்த எக்ஸ்டென்சன் ஒன்று. சாவி பிளக் பக்கத்தில் கயிற்றில் கட்டியிருக்கிறது. மெசினை மட்டும் தனியாக யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்டால் பெட்டியோடு போகும், பெட்டியோடு திரும்பி வரும். திரும்பி வரும்போது மாதர் தலைவி ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் குறிப்பார். முதல் மாதம் இதற்காக அவரிடம் சண்டை பிடித்தவர்களும் உண்டு. “ரெண்டு ஓட்டைக்கு இவ்வளவு பெரிய பெட்டியா?” என்று ஒரு மாமா முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப்போனார். கண்ணாடியில் ஒரு கீறலோடு திருப்பிக் கொண்டுவந்தவரும் அவர்தான். பிட் நுனி உடைந்து தெறித்ததாம். அதற்குப் பிறகு அவர் முணுமுணுப்பதில்லை.

மற்றத் தோட்டங்களிலும் இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். பெட்டி செய்ய விரும்புகிற கமிட்டிகளுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலைச் சங்கக் காரியாலயத்தில் வைத்திருக்கிறோம். அதோடு, காம்பராவில் ட்ரிப் சுவிட்ச் இல்லாதவர்களும், இருந்தும் வேலை செய்யாதவர்களும் லய இலக்கத்தையும் காம்பரா இலக்கத்தையும் எழுதி, பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எல்லாத் தோட்டங்களின் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து, அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு நிர்வாகங்களின் மேசையில் வைக்கப் போகிறோம்.